முருகன் சீட்டுக்குக் கீழே கம்லா

பழைய ரிக்கார்டு வாங்கி விற்கும் தொழிலுக்கு வருகிறவர்கள், முதலில் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டு வருவது நல்லது. நான் காட்டாமல் வந்தேன். மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் சின்னக் கடை. முன்னால் ரேடியோ ரிப்பேர், பின்னால் பெட்டி பெட்டியாகப் பழைய இந்தி சினிமாப் பாட்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நான் வாங்கிய அதிர்ச்சிகளை, பழைய சாமானோடு மாரடிக்கிற சக பாவிகளான உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பானை மூடி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் ரிக்கார்டு குவிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கார அம்மாள் தண்ணீர் கொடுக்கப் பானை மூடியைத் தூக்கினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாகமே போய்விட்டது. மூடி என்பது நாற்பதுகளில் வந்த ஓர் இந்திப் பாட்டு! பாடியவள் இரண்டு படத்தோடு காணாமல் போனவள். அவள் குரல் மேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன். கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு, வளைத்து, பூந்தொட்டி ஆக்கிவிட்டிருந்தார். பதினெட்டுத் தொட்டி, அத்தனையிலும் சாமந்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மா, இதெல்லாம் பாட்டும்மா" என்றேன். அவர் அசரவில்லை.

"பாட்டா இருந்தா இன்னா? வோணும்னா எத்துகினு போ, மூடிக்கு வேற தட்டு குட்த்துட்டுப் போ!"

கிருத்திகை

அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பு மும்முரமாக இருந்தபோது, இந்தி எழுத்து தெரிந்த போர்டிலெல்லாம் தார் பூசினார்கள். என் கடையில் இருந்ததோ முந்நூறு ரிக்கார்டு, அத்தனையும் இந்தி. நான் ஒன்றும் பெரிய வீரன் இல்லை. மைதா மாவில் பசை காய்ச்சி, வட்டமாகக் காகிதம் வெட்டி, நடுவில் இருக்கும் லேபிள் மேல் ஒட்டி, எல்லாவற்றிலும் "முருகன் பக்திப் பாடல்" என்று எழுதிவிட்டேன். எல்லாம் அடங்கியபின் உரித்தால் லேபிளும் சேர்ந்து கிழிந்து வந்தது. பாடியவர் பேரே போய்விடுமே என்று பயந்து, முக்கால்வாசியை அப்படியே விட்டுவைத்தேன்.

நான் இல்லாத நேரம் பார்த்து என் மச்சான் அதில் ஒன்றை மாடம்பாக்கத்து பஜனைக் கமிட்டிக்காரர் ஒருவருக்கு விற்றுத் தொலைத்தான். ஆடிக் கிருத்திகை அன்று காலை, நாலு குழாய் ஸ்பீக்கரில், குடிபோதையில் விக்கிக்கொண்டே ஒருத்தி காதலனைக் கூப்பிட்டிருக்கிறாள். காவடிக்காரர்கள் பாவம், தாளத்தை விடாமல் ஆடினார்களாம். கமிட்டிக்காரர் ரிக்கார்டோடு கடைக்கு வந்து நின்றபோது நான் ரிப்பேர் மேஜைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"உன்னை அடிக்க வரலைய்யா. முருகன் எப்போ இந்தி படிச்சாரு, அதை மட்டும் சொல்லு!"

முருங்கைக்காய் சார்

எழுபதுகளில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவர் வருவார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். பல்லாவரம் சந்தையில் வாங்கிய காய்கறியோடு வருவார், பையிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும். "கம்லா வந்தாளா?" என்று சத்தமாகக் கேட்பார். முதல்முறை கேட்டபோது எதிரே டீக் குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் கரக்பூரில் வேலை பார்த்தபோது, பக்கத்து அறைக்காரர் கிராமபோனில் ஓயாமல் போட்ட பாட்டாம் அது. லேபிளில் "கம்லா" என்று இருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம். படம் பேரும் தெரியாது, வரியும் தெரியாது. மெட்டை மூக்கால் முனகிக் காட்டுவார், அது எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். கம்லா என்று ஒரு பாடகி இருந்ததாக என்னிடம் இருந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. கிடைத்தால் கார்டு போடுகிறேன், விலாசம் கொடுங்கள் என்றேன். ஐயையோ என்று பதறினார். அவர் அப்பா சபையில் உபதேசியார். வீட்டில் சினிமாப் பாட்டே கூடாது என்று சட்டம் போட்டவர் இவர்தான். சட்டம் போட்டவரே இப்படித் திருட்டுத்தனமாக அலையலாமா என்று சிரித்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலில் என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஒரு காது போயிடுச்சு தம்பி. இன்னொண்ணும் போய்க்கிட்டே இருக்கு. அதுவும் அடைக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணு குரலை ஒரே ஒரு தடவை கேட்டுடணும்."

சனிக்கிழமை டீச்சர்

சனிக்கிழமைகளில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது. கேட்டது ஓர் இந்திப் பாட்டு. முதல் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பாடிக் காட்டுங்களேன் என்றால் மாட்டேன் என்றார். பாடியது யார் டீச்சர் என்று கேட்டதற்கு, "நான்தான்" என்றார்! கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் என் காலில் விழுந்தது.

அப்பாவுக்குப் பம்பாயில் வேலை. பதினேழு வயதில் ஒரே ஒரு படத்தில் ஒரே ஒரு பாட்டு. அப்புறம் ஊருக்கு வந்து கல்யாணம். பம்பாயில் சினிமாவுக்குப் பாடியிருக்கிறேன் என்று ஆரம்பித்தாராம். அந்தப் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம், இனி பாடவும் வேண்டாம் என்று கணவர் அன்றைக்கே முடித்துவிட்டாராம். நான் "ஸ்டெல்லா" என்ற பேரைத் தேடித் தேடி அலுத்தேன். தேட வேண்டியதை எழுதி மாட்டிய கம்லா சீட்டும் ஸ்டெல்லா சீட்டும் ஒரே ஆணியில் இரண்டு வருஷம் தொங்கின.

"நான் பாடினேன்னா என் பொண்ணே சிரிக்கிறா தம்பி. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு, பாடினேனா இல்லையான்னு."

ஈரத்துணி

லேபிள் மேல் ஈரத்துணியை ஒற்றி ஊறவிட்டால் ஒட்டின காகிதம் மட்டும் அழகாகக் கழன்று வரும் என்று என் மனைவி ஒருநாள் கண்டுபிடித்தாள். எட்டு வருஷமாக இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை! ஒவ்வொரு முருகனாக உரித்துக்கொண்டே வந்தேன். நாற்பதாவது முருகனுக்கு அடியில் டீச்சர் எழுதிக் கொடுத்த முதல் வரி. அதற்குக் கீழே, பாடியவர்: கம்லா. எனக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டு பேர் இரண்டு வருஷம் கேட்ட ஒரே தட்டு, என் பெட்டியிலேயே, என் கையாலேயே மூடப்பட்டுக் கிடந்திருக்கிறது.

டீச்சர் வந்து லேபிளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் ரிக்கார்டில் பாடினவள் பேரைப் போடாமல், படத்தில் வரும் பெண்ணின் பேரையே போடுவார்களாம். கம்லா என்பது படத்துப் பெண். இந்தப் பாட்டுக்காக வாராவாரம் ஒருவர் வருகிறார், அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்றேன். தட்டைக் கேட்டுச் சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு ரசிகரா? தட்டை அவருக்கே குடுத்துடுங்க தம்பி. கேக்கும்போது அவர் மூஞ்சியை மட்டும் நான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை, ஐந்து மணி

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து டீச்சர் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து மணிக்கு முருங்கைக்காய் சார் வந்தார். டீச்சர் முதலில் பார்த்தது அவரை இல்லை, அவர் கையிலிருந்த பையை. பழைய ஜன்னல் திரையில் தைத்த பூப்போட்ட பை. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. ரசிகரைப் பார்த்த பரவசம் என்று நினைத்துக்கொண்டேன், நான் ஒரு மடையன்.

சார் யாரையும் கவனிக்கவில்லை. நல்ல காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டார். முள் இறங்கியது. மூன்று நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணீர் வழிந்து சட்டையில் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் நான் அடக்கமாட்டாமல், "சார், கம்லா பின்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க, பாருங்க!" என்று அவர் காதில் கத்தினேன். திரும்பினார். பை கீழே விழுந்து தக்காளி ரோடு வரைக்கும் உருண்டது. "ஸ்டெல்லா! நீயா? இது உன் குரல் மாதிரியே இல்லையே!" என்று அலறினார். புருஷன் பெண்டாட்டி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. டீச்சர் எழுந்து, அவருடைய நல்ல காது பக்கமாக வந்து நின்று, நிதானமாகச் சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்கே பாடாதேன்னுட்டீங்க. என் குரலை நீங்க எப்போ கேட்டீங்க?"

அன்றிலிருந்து எவர் வந்து எந்த அபூர்வக் குரலைத் தேடினாலும், "முதல்ல வீட்ல கேட்டுப் பாத்தீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நான் பெட்டியைத் திறக்கிறேன்.