அளவெடுக்க வந்த ஆளும் பூட்டிக் கிடந்த ரூமும்

நகராட்சியிலருந்து வீட்டை அளக்க வந்திருக்கேன்னு சொல்லிப் பாருங்க, குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட யோசிச்சுத்தான் தருவாங்க. சென்சஸ் எடுக்கிற டீச்சர், கரண்டு ரீடிங் எடுக்கிறவர், கூரியர் தம்பின்னு கதவைத் தட்டிப் பிழைக்கிற உங்க எல்லாருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். ஆனா நீங்க பட்டாசு ஊருல கதவைத் தட்டியிருக்க மாட்டீங்க.

சிவகாசிப் பக்கம் ஒரு நகராட்சி. பேரு வேண்டாம், நான் இன்னும் அங்கதான் சம்பளம் வாங்குறேன். நேத்து வரைக்கும் கம்பு விதைச்ச காடெல்லாம் இன்னைக்கு நகர், காலனி, அவென்யூன்னு பேரு வச்சுக்கிட்டு நிக்குது. புதுசா முளைச்ச வீடுகளை அளந்து வரிப் பட்டியல்ல சேர்க்கணும், அதான் என் வேலை. கையில ஒரு இரும்பு டேப்பு, ஒரு நோட்டு.

யாரும் இல்லாத வீடு

புதுக் காலனியில முதல் வீட்டுக் கதவைத் தட்டுறதுக்குள்ள கடைசி வீட்டுக்குப் போன் போயிருச்சு. எங்க பக்கம் நோட்டோட ஒருத்தன் வந்தா, வீட்டுல வச்சுக் கள்ளத்தனமா பட்டாசு செய்றாங்களான்னு பார்க்க வந்தவன்னுதான் அர்த்தம். மூணாவது வீட்டுல மிக்ஸி ஓடுது, தாளிக்கிற வாசம் மூக்கைத் துளைக்குது, கதவு மட்டும் திறக்கல. ரெண்டு தடவை கூப்பிட்டேன். மிக்ஸி நின்னுச்சு. உள்ளயிருந்து ஒரு பொம்பளைக் குரல் நிதானமா சொல்லுச்சு: "வீட்ல யாரும் இல்ல சார், சாயந்தரமா வாங்க."

வெக்கை தாங்காத மாடு

அந்தக் காட்டைப் பிளாட்டு போட்டு வித்த பெரியவரு தெருக் கோடியில தனக்குன்னு ஒரு கட்டடம் கட்டியிருந்தாரு. நான் நோட்டை விரிக்கிறதுக்கு முன்னாடியே, இது மாட்டுத் தொழுவம், வரியெல்லாம் கிடையாதுன்னுட்டாரு. டைல்ஸ் தரை, கண்ணாடி சன்னல், சுவத்துல ஏசி. மாடு எங்கய்யான்னேன். மேயப் போயிருக்காம். மேயுற காட்டைத்தான் வித்துட்டீகளேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஏசி எதுக்குன்னு மட்டும் கேட்டேன். மனுசன் முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. "எங்க மாடு வெக்கை தாங்காது தம்பி."

பூட்டிக் கிடந்த ரூமு

அந்தத் தெருவுல கூப்பிட்ட உடனே கதவைத் திறந்தது மாரியம்மா ஒருத்தங்கதான். எனக்கு அதுவே சந்தேகமா இருந்துச்சு. புருசன் இல்ல. பட்டாசு கம்பெனியில இருபது வருச வேலை. மகளுக்கு ஆவணியில கல்யாணம் பேசியிருந்தாங்க. முன் ரூமை அளந்தேன். உள் ரூமு பூட்டிக் கிடந்துச்சு. சாவி மககிட்ட இருக்கு, அவ வெளிய போயிருக்கான்னாங்க. அந்தப் புள்ளை அடுப்படியில நிக்குது, நான் பார்த்துட்டேன். சரி, வெளியிலருந்தே அளப்போம்னு டேப்பை இழுத்தேன். கை நழுவி, சிமெண்டுத் தரையில கரகரன்னு உரசிக்கிட்டே சுருண்டுச்சு. மாரியம்மா பாஞ்சு வந்து அதைத் தரையிலருந்து தூக்கிட்டாங்க. முகம் வெளிறிப் போச்சு.

பட்டாசு மருந்து இருக்கிற இடத்துல இரும்பைத் தரையில உரச விட மாட்டாங்க. ஒரு பொறி பட்டாப் போதும். அப்போ பூட்டின ரூமுக்குள்ள மருந்து இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். பக்கத்து வீட்டுல தொட்டில் ஆடுது, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. நேரா ஆபீஸ்ல போய் சொல்லிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பைல்லருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சொன்னது சரிதாம்ப்பா, உள்ள ஒண்ணும் இல்லேன்னா அந்தம்மா கதி என்ன?"

பீரோவும் பிரிட்ஜும்

மறுநாள் சோதனை போட ஜீப்பு வந்துச்சு. யாருமே இல்லாத வீடுகள்லருந்து அம்புட்டுச் சனமும் வெளிய வந்து வேடிக்கை பார்த்துச்சு. பூட்டைத் திறந்தா, மகளுக்குச் சீரு குடுக்க வாங்கின பீரோ, பிரிட்ஜு, ரெண்டு பித்தளைக் குடம். மருந்து ஒரு சிட்டிகை கூட இல்ல. இதையெல்லாம் நான் நோட்டுல எழுதிட்டுப் போனா, வசதியான வீடுன்னு சொல்லி மாசாமாசம் வர்ற மகளிர் உரிமைத்தொகையை நிப்பாட்டிருவாங்கன்னு பயந்து பூட்டி வச்சிருக்காங்க. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. அப்போ டேப்பைக் கண்டு ஏன்க்கா அப்படிப் பதறுனீகன்னு கேட்டேன். "இருபது வருசமா மருந்து ரூமுல உக்காந்துருக்கேன் சார். இரும்பு உரசுனா, இருக்கிறது வீடா கம்பெனியான்னு எனக்குத் தெரியாது."

போர்மேன் கேட்ட கேள்வி

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. சேதி கம்பெனிக்குப் போயிருச்சு. மருந்தை வீட்டுக்குக் கொண்டு போறதா பேரு வாங்கின ஆளை உள்ள விட முடியாதுன்னு நிறுத்திட்டாங்க. நல்ல சீசன் நேரம், கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கு. எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல. லீவு போட்டுட்டு கம்பெனிக்குப் போய் போர்மேனைப் பார்த்தேன். தப்பு என் மேலதான், அந்த வீட்டுல ஒண்ணும் இல்ல, வேணும்னா எழுதியே தாறேன்னு சொன்னேன். எவன் இப்படி வலிய வந்து தப்பை ஒத்துக்குவான்? அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. வாட்ச்மேனைத் தள்ளிப் போகச் சொல்லிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "உண்மையச் சொல்லுங்க, அந்தம்மாகிட்ட எம்புட்டு வாங்குனீக?"

பஸ் ஸ்டாப்பு

மாரியம்மா இப்போ தாயில்பட்டிப் பக்கம் வேற கம்பெனிக்குப் போறாங்க. ரெண்டு பஸ் மாறணும். கல்யாணம் தை மாசத்துக்குத் தள்ளிப் போயிருச்சு, மாப்பிள்ளை வீட்டுல அது வரைக்கும் பொறுப்பாங்களான்னு தெரியல. ஒரு நாள் காலையில பஸ் ஸ்டாப்புல எதிர்ப்பட்டாங்க. மன்னிச்சிருங்கக்கான்னேன். நாலு வார்த்தை திட்டுவாங்கன்னு நின்னேன், திட்டியிருந்தா எனக்கும் மனசு ஆறியிருக்கும். தூக்குவாளியைக் கை மாத்திக்கிட்டு, பஸ் வர்ற திசையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "நீங்க கெட்டவரு இல்ல சார். ஆனா எங்க தெருவுக்கு இனிமே வேற ஆள அனுப்பச் சொல்லுங்க. உங்களைப் பார்த்தா எம் மக அழுவுறா."

இப்போ எனக்கு வேற வார்டு குடுத்திருக்காங்க. அங்கயும் ஒருத்தரும் என்னை நம்பல, அதுல அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.