மாடிக்கு வலது

விடுதியின் மொட்டைமாடியில் போர்வை விரிப்புகளைக் காயப்போடுவது இரண்டு பேரின் வேலை. ஒருத்தி இவள். இன்னொருத்தியை எல்லோரும் கிளிப்பு என்பார்கள். எப்போதும் வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டே பேசுவாள். காலையில் ஒரு விமானம் எதிரே எழும்பி வந்து பக்கவாட்டில் கடக்கும்போது இருவரும் கை வேலையை நிறுத்துவார்கள்.

மகளோடு போய் இருந்துவிடலாம் என்று இவள் முடிவு செய்ததும் கிளிப்பு ஒன்று சொன்னாள்.

"நீ ப்ளேன்ல போற அன்னிக்கு அந்தப் பழைய நீலத் திரைய விரிச்சு வைக்கறேன்க்கா. மேலேருந்து பாரு."

பிறகு, இவளுக்குப் பதிலாகப் புது ஆள் போடமாட்டோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கிளிப்புக்கு முகம் மாறியது.

"போ, மக வீட்டுல ராணியா உட்காரு. இங்க ரெண்டு பேர் வேலை என் தலையில."

அதோடு பேச்சு நின்றது. கடைசி நாளும் கிளிப்பைக் கவ்விய வாயைத் திறக்கவில்லை.

மகள் தொலைபேசியில் கேட்டாள்: "ப்ளேன்ல சீட்டு இடது பக்கம் போடவாம்மா? மலை தெரியும். பனி எல்லாம் இருக்கும்."

"பனிய வெச்சு நான் என்ன பண்ண? வலது பக்கம் போடு. அந்த றெக்கைதான் எங்க மாடிக்குக் கிட்ட வரும்."

"காசு குடுத்து மொட்டைமாடி பாக்கற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்."

விமானத்தில் ஏறி வலப்புற ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரை இருக்குமா? இருந்தால் கோபம் போய்விட்டது. இல்லாவிட்டால் சேர்ந்து உழைத்த பத்தொன்பது வருடமும் போய்விட்டது.

பணிப்பெண் எதிரே நின்று வலக்கையை நீட்டி வெளியேறும் வழியைக் காட்டினாள். அந்தக் கை இவளுடைய இடப் பக்கம் இருந்தது. இவளுக்கு உறைத்தது. மாடியில் நின்று எதிரே வரும் விமானத்தைப் பார்த்துத்தானே வலது என்றாள். விமானத்துக்கு அது இடது.

பெல்ட்டை அவிழ்த்து எழுந்தாள். இடப்புற ஜன்னலில் தொப்பிக்காரர் ஒருவர்.

"தம்பி, கொஞ்சம் மாறிக்கறீங்களா?"

"அங்கயும் ஜன்னல்தானேம்மா?"

"அதுல எங்க மாடி தெரியாது."

"வீட்டைப் பூட்டாம வந்துட்டீங்களா?"

"பூட்டு இல்லப்பா. ஒருத்தி என்கூடப் பேசமாட்டேங்கறா."

"மலைக்காகவே எடுத்த சீட்டு," என்று முனகிக்கொண்டே எழுந்தார். பணிப்பெண் இருவரையும் அதட்டி உட்காரவைத்தாள்.

விமானம் எழும்பியது. தண்ணீர்த் தொட்டிகள், சாலை, விடுதியின் பச்சைச் சுவர். பிறகு மாடி.

கொடிகளில் ஒரு வெள்ளை விரிப்புகூட இல்லை. அந்த நேரத்தில் மாடி அப்படி இருந்ததே கிடையாது. தரையின் நடுவே நீலம் மட்டும். ஓரத்தில் புள்ளியாக ஒருத்தி.

இவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டி, மாடி மறையும்வரை பார்த்தாள்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் தொப்பிக்காரரைக் கூப்பிட்டாள். "வாங்க தம்பி. இனிமே மலை உங்களுக்கு."

"பேசிட்டாங்களா?"

"பேசிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவ்வளவு விரிப்பையும் ஈரத்தோட சுருட்டி வெச்சிருப்பா, கழுதை. நாறப்போகுது."