பாதியில் நிற்கும் கொடி

ஆரணி பேருந்து நிலையத்தில் தேவிகாபுரம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். டீக்கடை டிவியில் முன்னாள் பிரதமரின் இறுதி ஊர்வலம் போகிறது. எதிரே பட்டு நெசவாளர் ஒருவர் தம் கட்சிக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குகிறார். இறந்தவரைக் கடைசிவரை எதிர்த்த கட்சி அது.

"அவருக்காகவா இறக்குறீங்க?" என்கிறேன்.

"ஆமாங்க. நூல் விலை ஏறினப்ப மறியல் பண்ணோம். அவரு ஆட்சியிலதான் எங்கள ஜெயில்ல போட்டாங்க. அப்புறம் எலெக்‌ஷன்ல தோத்துட்டு இதே ஊருக்கு வந்தாரு. 'உங்கள உள்ள வெச்சது என் தப்பு'ன்னு மேடையிலேயே சொன்னாருங்க."

"அதுக்கப்புறம் அவருக்கு ஓட்டுப் போட்டீங்களா?"

"இல்லீங்க. எதிர்த்துதான் வேலை செஞ்சிகினு இருந்தேன்."

அவருடைய செல்போன் ஒலிக்கிறது. கட்சிச் செயலாளர் திட்டுவது எனக்கே கேட்கிறது.

"நாளைக்கு நானே ஏத்திடறேங்க. இன்னிக்கு இப்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுகிறார்.