வெட்டப்பட்ட சிரிப்பு

பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் தாவூது பாயின் புளி மண்டியை இப்போது பார்த்துக்கொள்வது அவர் மகன் நதீம். மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது, பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்க வேண்டும் என்பது அவன் ஆசை. பக்கம் தொடங்கினான், படம் படமாகப் போட்டான். அவன் மனைவி மெஹக்கும் நாலைந்து சொந்தக்காரர்களும் மட்டும் லைக் போட்டார்கள்.

அப்போதுதான் தர்மபுரியில் தொழில் செய்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தான். வாரம் ஒருநாள் காலையில் ஓட்டல் ஹாலில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்க வேண்டும். முதல் கூட்டத்தில் நதீமுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "புளிங்க... நல்ல புளிங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனை விடவேயில்லை.

குழுவில் ஆன்லைன் விளம்பரம் செய்து கொடுப்பவர் கலைவாணன். காபி குடிக்கும்போது தோளில் கை போட்டார்.

"புளிய யார் வேணா விப்பாங்க நதீம். அதுக்குப் பின்னால ஒரு மனுசங்க கத இருக்கணும். பாக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும். ஒரு முகத்தப் புடிச்சிட்டு வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

நதீமுக்கு நினைவு வந்த முகம் பக்கத்து ஊரான இண்டூரின் செல்லம்மாள். ஐம்பதைத் தாண்டியவர். சொந்த நிலமும் புளியந்தோப்பும் இருக்கின்றன. கணவர் இறந்த பிறகும் வெள்ளாமையைத் தானே கவனித்துவந்தார். ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் மகன் மாதவராஜ், லீவு கிடைத்தால் மனைவி பிள்ளையோடு வந்து நிற்பான். தாவூது காலத்திலிருந்து செல்லம்மாளின் புளி இந்த மண்டிக்குத்தான்.

நதீம் வீடியோ எடுக்கப் போனபோது அவர் கூலிப் பெண்களோடு உட்கார்ந்து, ஓடும் கொட்டையும் நீங்கப் புளி தட்டிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் பழைய சட்டை, தலையில் துண்டு, முகமெல்லாம் தூசி.

"ஏன் தம்பி, வூட்டுக்குப் போயி நல்ல சீல கட்டிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"வேணாங்கக்கா. இப்படியே இருங்க, நல்லா இருக்குது."

நதீம் எடுத்து அனுப்பிய வீடியோவிலிருந்து கலைவாணனின் ஆட்கள் அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டார்கள். குனிந்த தலையும் தூசி படிந்த கையும் மட்டும் மிஞ்சின. சோகமான இசை சேர்த்து, 'பெற்ற மகன் கைவிட்டான். இண்டூரில் புளி தட்டிப் பிழைக்கிறாள் இந்தத் தாய். நீங்கள் வாங்கும் ஒரு பாக்கெட், இவளுக்கு ஒருவேளைச் சோறு' என்று எழுதி நதீமுக்கு அனுப்பினார்கள்.

படித்ததும் கலைவாணனைக் கூப்பிட்டான். "இது பொய்யாச்சே சார்" என்று போனில் சொன்னான்.

"விளம்பரம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான். அந்தம்மா இதெல்லாம் பாக்கவா போறாங்க?"

செல்லம்மாளிடம் இருந்தது பட்டன் போன். நதீம் வீடியோவைப் பதிவேற்றினான்.

அது காட்டுத்தீயாய்ப் பரவியது. பாக்கெட் போட ஆள் பற்றவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நதீம் மைக்கைப் பிடித்துத் தடுமாறாமல் பேசினான்.

அந்த வாரமே செல்லம்மாள் ஒரு மூட்டையோடு பஸ் ஏறி மண்டிக்கு வந்தார்.

"யாரோ ஈரோட்டுக்காரங்க, இண்டூர்ல விசாரிச்சு வூடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாங்க தம்பி. கட்டிப் பழசான சீலைங்க. கூட ஒரு பை அரிசி. வேணாம்னா கேக்கல, அழுவறாங்க. வீடியோல பாத்தோம்னாங்க. நீ எடுத்தது தானே அது? எங்க, காட்டு."

நதீம் ஏதேதோ சொல்லி மழுப்பப் பார்த்தான். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வேறு வழியில்லாமல் போனைக் கொடுத்தான். மண்டிக்குள் அந்த இசை ஒலித்தபோது எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. மூட்டை தைக்கும் ஊசியை எடுத்தான், வைத்தான்.

"நான் சிரிச்சனே தம்பி, அது எங்க?" என்றார் செல்லம்மாள்.

அவன் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"எழுதி இருக்கறத எனக்குப் படிச்சுச் சொல்லு."

படித்தான். தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. 'மகன் கைவிட்டான்' என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனக்குப் புளிய வித்தேன். எம் பையன் மானத்த எப்ப வித்தேன்?"

மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மெஹக், "எங்கம்மாவ இப்படிப் படம் புடிச்சிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வீடியோவை அழித்தான். ஆனால் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதனால் தன் முகத்தைக் காட்டி, "அந்தம்மா நெலம் இருக்கற விவசாயிங்க. அவங்க மகன் தங்கமானவரு. பொய் சொன்னது நான்தாங்க" என்று இன்னொரு வீடியோ போட்டான். வசவுகள் வந்து குவிந்தன. கலைவாணன் போன் செய்து, "யாரு கேட்டா உங்கள? ரெண்டு வாரத்துல அவங்களே மறந்திருப்பாங்க" என்று கத்தினார். நதீம் அதன் பிறகு அந்த ஹாலுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இண்டூருக்குப் போனான். மாதவராஜ் வாசலிலேயே நிறுத்தினான்.

"எம் பொண்ண ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்கப்பா ஆயாவுக்குச் சோறு போட மாட்டாரான்னு. நீங்க போட்ட ரெண்டாவது வீடியோவ அங்க ஒருத்தனும் பாக்கல. போங்க பாய், போயிடுங்க."

நதீம் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினான்.

அந்த வருடம் செல்லம்மாளின் புளி வேறு மண்டிக்குப் போனது. பாக்கெட் வியாபாரம் பெரிதாக வளரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லி வாங்குகிறவர்களை வைத்து ஏதோ நடக்கிறது. ஒருநாள் சந்தையில் எதிரே வந்த செல்லம்மாள் ஒதுங்கிப் போகவில்லை. நின்று, மெஹக்கையும் தாவூதையும் விசாரித்தார். அப்போது நதீமின் போன் அடிக்க, சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.

செல்லம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"போன்தாங்கக்கா... வெறும் போன்" என்றான். அவர் மூடிய முகத்தோடேயே தலையாட்டிவிட்டுக் காய்க்கடைப் பக்கம் நடந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.