மஞ்சள் தண்ணீருக்காக ஆடிய சாமி

நான் பொய்யாகச் சாமி ஆடியவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சொல்லியும் பார்த்தேன், சிரித்தார்கள். என் வாயிலிருந்து எது வந்தாலும் வேடிக்கைதான் என்று இத்தனை வருடமாக நானேதான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறேன். பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை விரட்டிவிட்டார்கள். அதனால் எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இல்லை.

எனக்குத் தீட்டு நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. "எனக்குப் பென்சன் வந்துருச்சு" என்று மலை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பென்சனோடு கூட என்ன வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்கழி, தை மாதங்களில் நமுனுகுல மலையில் மூட்டம் இறங்கினால் பக்கத்துச் செடி நிரையில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைச் சுற்றி, விரல் விறைக்கக் கொழுந்து பறிப்பார்கள். எனக்கு மட்டும் வயிற்றுக்கு மேலே எங்கேயோ யாரோ அடுப்பு மூட்டுவார்கள். அந்தச் சூடு நெஞ்சுக்கு ஏறும், கழுத்துக்கு ஏறும், இரண்டு காதும் கொதிக்கும். முதுகில் வேர்வை ஓடி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு வரைக்கும் நனையும். ஐந்து நிமிடத்தில் அடுப்பு அணைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஈரத்தில் குளிர் பிடித்து உதறும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை.

"என்னம்மா, ஒனக்கு மட்டும் தனி வெயிலா அடிக்குது?" என்பார் கங்காணி.

"ஆமாங்க கங்காணி. தொரைகிட்ட சொல்லி என்னய ஃபெக்டரில கொண்டுபோய் வைங்க. கொழுந்து காய வைக்க வெறகே வேணாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து நிரைக்காரி மட்டும் சிரித்து முடித்த பிறகு தன் போத்தலைத் திறந்து என் பிடரியில் தண்ணீர் தெளிப்பாள்.

அவளும் நானும் ஒரே வருடத்தில் இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். அன்றிலிருந்து அடுத்தடுத்த நிரைதான். எனக்குச் சூடு ஏறும்போது அவள் தன் கூடையை இந்தப் பக்கம் திருப்பி நின்று கங்காணி கண்ணிலிருந்து என்னை மறைப்பாள். அவளுக்கும் தீட்டு நின்றிருந்தது. ஆனால் இந்தச் சூடு வரவில்லை. "என் பங்கையும் சேத்து நீயே வாங்கிக்கிட்டியாடி?" என்று கேட்பாள்.

வீட்டில் ஒரே அறை, ஒரே கதவு. நான் கதவைத் திறப்பேன், என் வீட்டுக்காரர் மூடுவார்.

"குளிருல சாகவா சொல்ற?"

"நீங்க சாக வேணாம். நான் செத்துக்கிறேன், கதவ மட்டும் தொறந்து வைங்க."

விடிகாலையில் பீலிக்குப் போய், கொட்டுகிற தண்ணீரில் தலையைக் கொடுத்து நிற்பேன். ஒருநாள் அங்கேயே நின்று, இது எத்தனை வருடம் என்று யோசித்தேன். இப்படியே கீழே இருக்கும் பள்ளத்தில் விழுந்தால் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும் என்று தோன்றியது. இதையும் அன்றைக்கு மலையில் வேடிக்கையாகத்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது.

தோட்டத்துப் பிள்ளைப்பேறு பார்க்கும் மிஸ்ஸியிடம் போனேன். "இது வருத்தமோ நோயோ இல்லக்கா, வயசு. கொஞ்ச வருசம் இருக்கும். லேசா உடுத்துங்க. தேத்தண்ணிய கொறைச்சுப் பாருங்க. ரொம்ப முடியலைன்னா பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்" என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னதால் நான் அவளை ஒரு வாரம் கேலி செய்துகொண்டு திரிந்தேன். அவள் எழுதித் தருவதாகச் சொன்னதைக் கேலியிலேயே விட்டுவிட்டேன்.

மாரியம்மன் திருவிழா வந்தது. சின்னக் கோயில், பெரிய கூட்டம். சூடம், சாம்பிராணி, காதுக்குப் பக்கத்தில் தப்பு மேளம். நல்ல சேலைக்குள் ஸ்வெட்டர் வேறு. தீபாராதனை நேரத்தில் எனக்கு அடுப்பு பற்றிக்கொண்டது. வெளியே போக வழியில்லை. கழுத்து வேகிறதே என்று கொண்டையை அவிழ்த்தேன். கண்ணில் வேர்வை இறங்கியதால் தலையை உதறினேன். ஸ்வெட்டரைப் பிய்த்து எறிந்துவிட்டு, "தண்ணி! தண்ணி!" என்று கத்தினேன்.

தப்புக்காரர் அடியை மாற்றினார். "ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ குலவை போட்டார்கள். கோயில் கூட்டுகிற கிழவி ஒருத்தி, "தீட்டு நின்ன சுத்தமான ஒடம்புல்ல, அதான் ஆத்தா எடம் புடிச்சிருக்கா" என்று விளக்கமும் சொன்னாள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். வேப்பிலைக் கொத்தால் இரண்டு பக்கமும் விசிறினார்கள்.

அந்தக் குளிர்ச்சியை எப்படிச் சொல்வேன்! மாதக் கணக்கில் எரிந்த உடம்பு. இல்லை, இது சாமி இல்லை, வயசு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது குடம் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஆடினேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் எனக்கு இடம். தப்புச் சத்தத்துக்கும் புகைக்கும் சூடு தானாகவே ஏறிவிடும். குடம் ரெடியாக இருக்கும். வீட்டிலும் என் நிலைமை உயர்ந்தது. என் வீட்டுக்காரர் தானே எழுந்து கதவைத் திறந்து வைத்தார். மலையில் நான் வேர்த்து நின்றால் கங்காணி செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார். யார் வந்து கேட்டாலும் "பயப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லித் திருநீறு கொடுப்பேன். கெட்டது ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் பக்கத்து நிரைக்காரி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மறுபடி வந்துருச்சுடி."

"மறுபடி சமைஞ்சுட்டியா? சடங்கு வைப்போமா? பந்தல் போடச் சொல்லவா?"

அவளும் சிரித்தாள். பிறகு, மிஸ்ஸியிடம் போனதாகவும், நின்றுபோன தீட்டு திரும்பி வரக்கூடாது, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போ என்று மிஸ்ஸி ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னாள். துண்டில் இருந்தது இங்கிலீசோ சிங்களமோ, இருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். அவள் புருசன் அங்கே நடந்து போய், பெட்டியில் வந்தவர்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரிசையில் வந்து என் முன்னால் நின்றாள். எனக்குக் கண் மூடியிருந்தது. குரலைத் தெரியாதா?

"ஆத்தா, எனக்கு ரத்தம் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. பயமா இருக்கு. நான் போகணுமா தாயே?"

போடி, நாளைக்கே போ என்று சொல்லியிருக்கலாம். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது.

"பயப்படாத. நான் பாத்துக்கிறேன்."

கண்ணைத் திறந்து திருநீறு அள்ளினேன். அவள் கையில் விரித்து வைத்திருந்த காகிதத்திலேயே கொட்டி, மடித்துக் கொடுத்தேன். அது மிஸ்ஸி எழுதிய துண்டு.

மறுநாள் மலையில் அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஆத்தா போக வேணாம்னு சொல்லிருச்சுடி. அந்தத் துண்டுலயே திருநீறு மடிச்சுக் குடுத்துருச்சு. ஒனக்கு எங்க தெரியப்போகுது, ஒனக்குத்தான் அந்நேரம் நெனைவே இருக்காதே."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேப்பிலையும் குடமும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தன. நான் கொழுந்தைப் பறித்துக் கூடையில் போட்டேன்.

இரண்டு மாதம் போனது. அவள் படங்குக்கு உள்ளே இன்னொரு சாக்கைக் கட்டத் தொடங்கினாள். உதடு வெளுத்தது. ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள் அவள் எழுந்த கல்லில் நான் பார்த்ததை இங்கே எழுதவில்லை.

அன்றைக்கே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. தீட்டு நின்ன சூடு. தண்ணி ஊத்துறீங்கன்னுதான் ஆடினேன்."

மடுவமே அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தராசைப் பிடித்துக்கொண்டாள். "சாமியவே கேலி பண்ணுறா பாரு, இவ வாய்க்குப் பூட்டே இல்ல!" எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவள்தான். அந்தச் சிரிப்புக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

லயத்துக்குப் போகும் பாதையில் அவளைத் தனியாக நிறுத்தி அழுதேன். எனக்கு அழவும் சரியாக வராது, மூக்குச் சத்தம் கேட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"பொய்டி. சத்தியமாப் பொய். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

அவள் என் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாத, ஆத்தா கோவிச்சுக்கும். என்னய அனுப்பணும்னு நீ பாவத்த சேக்காத."

சரி, நான் சொன்னால் கேட்கமாட்டாள். சாமி சொன்னால் கேட்பாள். அந்த வெள்ளிக்கிழமை அதற்காகவே கோயிலுக்குப் போனேன். இரண்டு ஸ்வெட்டர் போட்டேன். சூடாகத் தேத்தண்ணி குடித்தேன். சூடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தப்பு அடித்தார்கள். வரவில்லை. என்னைத் தினமும் வேகவைத்த அந்தச் சூடு, வேண்டும் என்று கூப்பிட்ட ஒரே நாளில் வரவில்லை. கை கால் ஜில்லென்று இருந்தது. வேறு வழியில்லாமல் கொண்டையை அவிழ்த்து, காய்ந்த தலையைச் சுழற்றிக் கத்தினேன்.

"போ! நாளைக்கே பதுளைக்குப் போ! நான்தான் சொல்றேன், போ!"

அவள் கிட்ட வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குக் கேட்காமல் என் காதில் சொன்னாள்.

"ஒரு சொட்டு வேர்வை இல்ல. ஆத்தா வரலடி இன்னைக்கு. நீயா நடிக்கிற."

எனக்காகக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் முடியை அவளே அள்ளிக் கொண்டை போட்டுவிட்டாள். நான் நடித்ததை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் நிரையிலேயே விழுந்தாள். கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சிங்களத்தில் கேட்டார், நர்ஸ் தமிழில் சொன்னாள். "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க? மொதல்லயே வந்திருக்கலாமே?" துண்டு இருக்கிறதா என்றும் கேட்டாள். படுத்தபடியே நிரைக்காரி தன் இடுப்பிலிருந்து மடிப்பை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் விரிக்கவும் திருநீறு மேசையில் கொட்டியது. டாக்டர் துண்டைத் தட்டிவிட்டு, எழுதியிருந்த தேதியைப் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் வந்த புற்று, வெளியேயும் பரவிவிட்டது என்றார்கள். புற்றைக் கருக்கக் கரண்ட் வைத்தார்கள். அவள் மகள் வெளியூரில் சம்பளத்துக்குப் பார்த்த வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். பிறகு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சூடு நிற்கவில்லை. மிஸ்ஸி எனக்கும் ஒரு துண்டு எழுதித் தந்தாள், அதை எடுத்துக்கொண்டு மறுவாரமே பதுளைக்குப் போனேன். ஏதோ மாத்திரை தந்தார்கள். இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் வருகிறது. எனக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாள்தான் ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இவள் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். மூட்டம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. ஏதாவது சிரிக்கச் சொல்லுடி என்றாள். இவ்வளவு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்றும் வரவில்லை.

வந்தது அதுதான். வயிற்றுக்கு மேலே பற்றி, கழுத்துக்கு ஏறி, நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் கம்பளியில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். இரண்டு கையையும் கம்பளிக்குள் இருந்து கஷ்டப்பட்டு எடுத்துக் கும்பிட்டாள்.

"வந்துட்டியா தாயே. எனக்கு என்ன சொல்ற?"

"ஆத்தா இல்லடி. நான்தான். எனக்கு வேர்க்குது."

அவள் கையை இறக்கவில்லை. அந்தச் சூடு அடங்கும் வரைக்கும், ஐந்து நிமிடம், என் முகத்தையே பார்த்தபடி கும்பிட்டுக்கொண்டு இருந்தாள். வேர்வை நின்றதும் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"கதவ மூடிட்டுப் போடி, குளிருது" என்றாள்.