மஞ்சள் திரை

நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் என் கணவர் குமாஸ்தா. அவருடைய மேலதிகாரி மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்காக நானும் பிள்ளைகளும் ஜன்னலுக்குத் திரை செய்தோம். பழைய துணியை மஞ்சள் நீரில் முக்கிக் காயவைத்தேன். பிள்ளைகள் அதன் விளிம்பில் குன்றிமணி கோத்தார்கள்.

வந்த அம்மாள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கே, எங்க வாங்கினிய?"

நான் வாய் திறக்குமுன் சின்னவள் பெருமையோடு சொன்னாள்: "நாங்க செய்ததாக்கும். அம்மைக்க கிழிஞ்ச முண்டு. இனி அம்மைக்கு உடுத்திருக்கது மட்டும்தான் உண்டு."

அந்த அம்மாளின் பார்வை என் இடுப்புக்கு இறங்கியது. நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் அவர்கள் வீட்டு வேலைக்காரன் இரண்டு புது முண்டுகளைக் கொண்டுவந்தான். கணவர் அவற்றை வாங்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கச்சேரிக்குப் புறப்பட்டார்.