இல்லாத ஸ்பேர் வீலுக்கு ஒரு டிக்

1. பெரகலை இறக்கம்

பெரகலையைத் தாண்டி கொஸ்லந்த பக்கம் இறங்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இடது பின் பக்கத்திலிருந்து டக், டக் என்று. எங்கள் தேயிலைத் தோட்டத்து வேனை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். அதன் முக்கல் முனகல் எல்லாம் எனக்கு அத்துப்படி. இது புதுச் சத்தம். அதுவும் சர்வீஸ் செய்து எடுத்து ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

வேனுக்குள் நாலு கர்ப்பிணிகள். பண்டாரவளையில் நான் வேனை சர்வீஸுக்கு விட்ட நேரத்தில் கிளினிக் முடித்து, தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு எங்கள் தோட்டத்து மிட்வைஃப் மிஸி. பின் சீட்டில் இருந்த பரமேஸ்வரிக்கு எட்டாம் மாசம்.

கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன். பின் சில்லில் ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். மிச்சம் மூன்றும் விரலால் திருகினாலே சுற்றின. எதிர்ப் பக்கம் பள்ளம். இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"என்னண்ணே, பஞ்சரா?" என்றார் மிஸி.

"பஞ்சர் இல்லைங்க மிஸி. எல்லாரையும் மெதுவா இறக்குங்க."

பரமேஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சர்வீஸ் பண்ணத்தானேண்ணே போனீங்க? பண்ணாமயே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் போல."

மற்ற சில்லுகளில் இரண்டிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதற்குப் போட்டு, வீல் ஸ்பேனரில் ஏறி நின்று இறுக்கினேன். பிறகு நடை வேகத்தில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

2. மதிலோரம்

நட்டு தானாகக் கழன்று ஓடாது. சர்வீஸில் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டிருந்தார்கள். போட்டவன் இந்த ஒரு சில்லின் நட்டை மட்டும் கையால் பிடித்துவிட்டு, இறுக்காமலே அடுத்த வண்டிக்குப் போயிருக்கிறான். நான் பக்கத்தில் நின்றிருந்தால் கண்டிருப்பேன். ஆனால் அந்த சர்வீஸ் ஸ்டேஷனில் ஒரு சட்டம் உண்டு. வண்டிச் சொந்தக்காரர் என்றால் கண்ணாடி அறை, பால் தேத்தண்ணி, கண்ணாடி வழியாகத் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். தோட்டத்து டிரைவர் என்றால் வெளியே மதிலோரம். வண்டியை மலையிலிருந்து இறக்குகிறவன் சொந்தக்காரரா, நானா? எவனய்யா இந்தச் சட்டத்தைப் போட்டான்?

அன்று பின்னேரமே சர்வீஸ் சுபர்வைசருக்குப் போன் எடுத்தேன்.

"எங்க இடத்துல அப்பிடி நடக்காதுங்க. ஜொப் கார்ட்ல நட் டைட் பண்ணினதா டிக் இருக்கு. நீங்க சைன் வச்சுத்தானே எடுத்தீங்க?"

"அப்ப ரெண்டு நட்டு எங்கங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

"கோவப்படாதீங்க. வழியில பஞ்சராகி நீங்களே ஸ்பேர் வீல மாட்டியிருப்பீங்க. சரியா இறுக்காம விட்டுட்டு இப்ப எங்க தலையில போடுறீங்க."

அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அந்த மனிதர் செய்தார். நான் போனை வைத்ததும் எங்கள் தோட்டத்து மேனேஜர் தொரைக்குப் போன் போட்டு அதே கதையைச் சொல்லிவிட்டார்.

3. வாசித்துவிட்டுப் போடுகிறேன்

மறுநாள் காலை பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்து முடிந்ததும் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். மேசையில், பில்லோடு நான் கொண்டுவந்து கொடுத்திருந்த ஜொப் கார்டுக்குப் பக்கத்தில், டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. கர்ப்பிணிகளின் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனயீனமாக நடந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று. அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் அடுத்த கிழமை எனக்கு வேன் இல்லை, வேலையும் இல்லை.

"சண்முகம், சைன் பண்ணு. பெரிசாக்க வேணாம்," என்றார் தொரை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அச்சடித்த பேப்பர் ஒரு பக்கமும் டிரைவரின் வாய் ஒரு பக்கமும் இருந்தால் அவருக்குப் பேப்பர்தான் பேசும்.

நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் ஆட்களுக்குக் கையோடு வந்த பழக்கம். நானும் முதல் நாள் ஜொப் கார்டில் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தேன்.

"அந்த கார்டை ஒருக்கா குடுங்க தொரை. வாசிச்சிட்டுப் போடுறேன்."

பக்கத்து மேசைக் கிளாக்கர் சிரித்தார். சிரிக்கட்டும். வரி வரியாக வாசித்தேன். இருபது, இருபத்தைந்து வரி, எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் இழுத்த டிக். கடைசி வரியில் என் விரல் நின்றது. ஸ்பேர் வீல், காற்று முப்பத்தைந்து, நல்ல நிலை. அதற்கும் ஒரு டிக்.

அட பாவிகளா!

இதைச் சொன்னால் நான் தப்பலாம். ஆனால் என் குற்றமும் வெளியே வரும். வந்தால் வரட்டும் என்று சட்டைப் பையிலிருந்த ரசீதுத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"தொரை, நேத்து காலையில பார்த்தா ஸ்பேர் வீல் பஞ்சர். சர்வீசுக்குப் போறதுக்கு முன்னமே டயர் கடையில குடுத்துட்டேன். திரும்பி வர்றப்ப கேட்டா, நாளைக்கு வாங்கன்னுட்டான். இது அந்தக் கடைத் துண்டு. ஸ்பேர் வீல் இல்லாமத்தான் வந்தேன். அது என் தப்பு. ஆனா இல்லாத வீல நான் எங்கேருந்து எடுத்து மாட்டுவேன்? இல்லாத வீலுக்கு இவங்க எப்பிடிக் காத்துப் பார்த்தாங்க?"

தொரை துண்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். சுபர்வைசருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க வேன்ல ஸ்பேர் வீல் செக் பண்ணினீங்களா?"

"பண்ணினோம் சேர். நல்ல டயர். முப்பத்தஞ்சு இருந்திச்சு."

"அது நேத்துக் காலையிலேருந்து டயர் கடையில கெடக்கு. உங்க ஆள் அங்க போயா காத்துப் பார்த்தான்?"

"தவறுதலா டிக் விழுந்திருக்கும் சேர். ஒண்ணும் நினைக்காதீங்க. அடுத்த தடவை வேனை ஃபிரீயா வொஷ் பண்ணித் தர்றோம்."

வொஷ்! ஐந்து பெண்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், இவர் சோப்பு நுரை தருகிறாராம். நட்டை இறுக்காததைக்கூட மறதி என்று விடலாம். பழியை டிரைவர் தலையில் கட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாரே, அதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

தொரை அந்தக் கடிதத்தைக் கிழித்தார். ஸ்பேர் வீல் இல்லாமல் ஆள் ஏற்றியதற்கு வேறொரு எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். முழுதும் வாசித்தேன். அதில் இருந்தது உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

புதிதாக ஸ்டியரிங் பிடிக்கும் தம்பிமாருக்குச் சொல்கிறேன். சர்வீஸ் முடிந்தால் கார்டை வாசியுங்கள். வாசித்த பிறகும் நம்பாதீர்கள். நான் இப்போது சர்வீஸ் ஸ்டேஷன் கேட் வாசலிலேயே வேனை நிறுத்தி, இருபது நட்டிலும் ஸ்பேனரைப் போட்டுப் பார்க்கிறேன். பின்னால் வண்டிகள் ஹோர்ன் அடித்தாலும் அசைய மாட்டேன்.

போன மாசம் அதே சுபர்வைசர் வெளியே வந்தார். "என்ன சண்முகம், எங்க மேல அவ்வளவு நம்பிக்கை இல்லையா?"

"அன்னைக்கு நம்பித்தானேங்க அந்தப் புள்ளத்தாச்சிகள ஏத்துனேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த சில்லுக்குப் போனேன்.